ஒரே கட்டில், இரண்டு தூக்கம்

ரொட்டிக்காரருக்குத் தூக்கம் என்பது பகலில் நடக்கிற காரியம். இரவெல்லாம் பேக்கரி அடுப்பில் வெந்துவிட்டு விடிந்தபின் மாடி அறைக்கு வருவார். அறையில் ஒரு கட்டில் போட்டது போக, செருப்பு விட இடம் இருக்கும். அந்தக் கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் இவருக்கு, இரவு சலவை அண்ணனுக்கு. அண்ணனுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் பகல் வேலை.

நான்கு வருடத்தில் இருவரும் முகம் பார்த்துப் பேசியதெல்லாம் வாசலில் காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். ஆனாலும் கூடப்பிறந்தவர்கள்கூட அவ்வளவு ஒட்டுதலாக இருக்கமாட்டார்கள். சட்டம் இரண்டே இரண்டு. எழுந்து போகிறவர் விரிப்பை உதறி, தலையணையைத் திருப்பிப் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு முன் ரொட்டிக்காரர் கதவைத் தொடக்கூடாது. அண்ணனின் விடியற்காலைத் தூக்கத்தைக் கெடுத்தவன் பிழைத்ததில்லை. ஏழுக்கு மேல் உள்ளே போய்ப் படுத்தால் மெத்தை வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டில்தான் இவருக்குக் கண் சொருகும்.

ஊரடங்கு வந்தது. பேக்கரியைப் பூட்டினார்கள். அண்ணனை ஆஸ்பத்திரியிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள்.

“கட்டில் முழுசும் உனக்குத்தான் தம்பி. ராஜா மாதிரி தூங்கு,” என்றார் அண்ணன் போனில்.

ராஜாவுக்குத் தூக்கம் வந்தால்தானே! இரவில் படுத்தால் அடுத்தவர் இடத்தில் படுத்த கூச்சம். பகலில் படுத்தால் மெத்தை சில்லென்று கிடந்தது. இரவு முழுக்க மாடிப்படியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். தெருவும் நிலைகெட்டுத்தான் போயிருந்தது. இரண்டு மணிக்கு எதிர்வீட்டு வாத்தியார் துணி காயப்போட்டார். நடுப்பகலில் ஊரே கதவடைத்துக் குறட்டை விட்டது. ஆளில்லாத தெருவில் அந்தக் குறட்டைகள் மட்டும் நடமாடின.

இருபதாம் நாள் அண்ணனைக் கூப்பிட்டார்.

“பொட்டுத் தூக்கமில்லண்ணே. மெத்தை சில்லுனு கெடக்குது.”

அண்ணனுக்குச் சிரிப்பும் இருமலும் சேர்ந்தே வந்தன. “இங்க மட்டும் என்ன வாழுது? துணி மூட்டை மேல கெடக்கேன். பொறு, நானே வந்து சூடு பண்ணித் தரேன்.”

அதிலிருந்து மூன்றாம் நாள் காலை, ஏழு மணிக்குப் படியிலிருந்து எழுந்து வந்து படுத்தார். மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலாக இருக்கும் என்று நினைத்தார். அந்த அறை சன்னலோ பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தது. தலையணை வேறு திருப்பிப் போடப்பட்டிருந்தது. அதை யோசிப்பதற்குள் அடித்துப்போட்டாற்போல் தூங்கிவிட்டார். இப்படியே ஒன்பது நாள். தூக்கம் வந்த நல்ல செய்தியை அண்ணனிடம் சொல்லலாமென்றால், அவர் போன் அணைந்தே கிடந்தது.

பத்தாம் நாள் ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் பை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே இரண்டு சட்டை, ஓர் அறைச் சாவி.

“எப்போ?” என்றார் ரொட்டிக்காரர்.

“இன்னையோட பத்து நாளுங்க. யாருக்குச் சொல்றதுன்னு தெரியாமப் போச்சு.”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அன்றும் மறுநாளும் அறைப்பக்கமே போகவில்லை. படியிலேயே முடங்கிக் கிடந்தார். இரண்டாம் நாள் பொழுது சாயும்போது பயம் போய் வெட்கம் வந்தது. சொன்ன வாக்குக்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்த மனிதர். அவருக்குப் போய்ப் பயப்படுவதா? வாய்விட்டு அழுதார். பிறகு உள்ளே போய் விரிப்பை உதறினார், தலையணையைத் திருப்பிப் போட்டார், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார்.

ஊரடங்கு முடிந்து பேக்கரி திறந்தது. ஒருநாள் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. விடிந்தும் விடியாத நேரம், கொட்டுகிற மழை. வீட்டுக்கார அம்மா கீழ்ச் சன்னலைத் திறந்தால், ரொட்டிக்காரர் மாடிப்படியருகே தொப்பலாக நனைந்து நிற்கிறார்.

“ஏன் மழையில நிக்கிறீங்க? சாவியத் தொலைச்சிட்டீங்களா?”

“மெதுவாப் பேசுங்கம்மா,” என்றார் அவர். “சாவி இருக்கு. மணி இன்னும் ஏழு ஆகல.”