கைக்கண்ணாடியுடன் குந்துகால்

கடந்த பிப்ரவரியில் ராமநாதபுரத்திலிருந்து பாம்பனை அடுத்த குந்துகால் கடற்கரைக்குத் தனியாகப் போய்வந்தேன். எங்கள் வீட்டுப் படம் ஒன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேயர் தீட்டிய கடற்கரை ஓவியத்தைப் பார்த்து, இங்கிலாந்தில் யாரோ போட்ட மெசொடிண்ட் என்னும் செப்புத்தகட்டு அச்சு அது. பாம்பனில் பிறந்த என் கணவர், "இது எங்க குந்துகால்" என்பார். குந்துகாலில் எதிரே தெரியும் தீவு வலப்பக்கம், படத்தில் இடப்பக்கம். கான்வென்ட்டில் படித்த எனக்குத் தவறைத் திருத்தாமல் இருக்க வராது. விருந்தினர் முன்னாலேயே திருத்துவேன். கடைசியில் படத்தைக் கூடத்திலிருந்து கழற்றிக் குளியலறை நடையில் மாட்டினேன். அவர் இறந்து மூன்று ஆண்டுகளாகின்றன.

கரையான் அரித்த சட்டத்தை மாற்றக் கொடுத்தபோது, படங்களைச் சீர்செய்யும் பெண் விளக்கினார். செப்புத் தகடு முழுவதையும் முதலில் சொரசொரப்பாக்குவார்களாம். அப்படியே மை தடவி அச்சிட்டால் ஒரே கறுப்பு. வானம், நுரை என்று வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டி வழவழப்பாக்குவார்கள். அச்சில் இடம் வலமாகிவிடும் என்பதால், ஓவியத்தைக் கண்ணாடியில் பார்த்துச் செய்ய வேண்டும்.

"இவர் கண்ணாடி வைக்காம செஞ்சிருக்கலாம், மேடம்."

மறுநாளே கிளம்பினேன். காலை 6.10 பேருந்து, பாம்பன் வரை 45 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பாலத்தின் மேல் எல்லோரும் ஒருவருக்கொருவர் கடலைக் காட்டிக்கொண்டார்கள். என் பக்கத்து இருக்கை காலி. பிறகு நான்கு கிலோமீட்டர் ஆட்டோ, 150 ரூபாய்.

கரையில் நின்று, படத்தின் நகலைக் கைக்கண்ணாடியில் காட்டிப் பார்த்தேன்.

"பவுடர் போடவா அம்மா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்றார் ஆட்டோக்காரர் காதர்.

"பேசாமல் இதைப் பிடியுங்கள்."

பிடித்தார். கண்ணாடிக்குள் தீவு வலப்பக்கம் போயிருந்தது. கரை இடப்பக்கம் வளைந்தது. பனைகள் வேறு, தீவின் தாழ்ந்த முதுகு அதேதான்.

காதரும் எட்டிப் பார்த்தார். "அட, இங்கனதான்! யாரு இல்லேன்னது?"

"நான்தான். என் வீட்டுக்காரரிடம், நாற்பது வருஷமாக."

"அப்ப ஒரு போனப் போட்டுச் சொல்லிருங்கம்மா. இங்கன சிக்னல் நல்லாக் கெடைக்கும்."

கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன்.

படம் இப்போது மறுபடி கூடத்தில் இருக்கிறது. எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறேன்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள்; வெயிலில் கண் கூசாது. தண்ணீர் கொண்டுபோங்கள், நான் போனபோது கடை எதுவும் திறந்திருக்கவில்லை. ஆட்டோவுக்கு ஒருவர் போனாலும் இருவர் போனாலும் அதே 150 ரூபாய்தான். இருவராகவே போங்கள்.