யூரா முகட்டில் அடித்து நின்ற போன்

இரண்டாயிரத்து ஒன்பது சித்திரை மாதம். நான் சுவிஸில், ஓல்டன் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். தம்பி சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். பல கிழமைகளாக அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

எனக்கும் அவனுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. அவன் கொழும்பில் படித்த காலத்துப் பழக்கம். அவனுடைய போன் ஒருதரம் அடித்து நின்றால் அவன் சுகம், நான் எடுக்கத் தேவையில்லை. நின்று உடனே திரும்பவும் அடித்தால், எடுத்துக் கதைக்கவேண்டும். "கஞ்சன், அக்காவோடை கதைக்கவும் காசு பாக்கிறாய்" என்று நான் ஏசாத நாளில்லை. இந்த ஏற்பாடு இல்லாத தமிழ்க் குடும்பம் அந்தக் காலத்தில் இருந்ததா என்பதே சந்தேகம்.

என்னோடு வேலை செய்த சுவிஸ்காரி ஒருத்தி ஞாயிறுதோறும் மலை ஏறுகிறவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீயும் வா, மேலே போனால் மனம் ஆறும்" என்று நச்சரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே சனம் செத்துக்கொண்டிருக்கிறது, இவளுக்கு மலை! ஆனால் என் மனுசனும் அவள் பக்கம்தான் நின்றார்.

"வீட்டுக்குள்ளை இருந்து போனைப் பாத்துப் பாத்து உமக்கு விசர் பிடிக்கப்போகுது. போட்டு வாரும். போனைக் கையோடை கொண்டு போம், அங்கையும் அடிக்கும்தானே."

யூரா மலை என்றால் பச்சைப் பசேல் என்றுதான் நினைத்திருந்தேன். காட்டைத் தாண்டியதும் பச்சை முடிந்துபோனது. வெள்ளைச் சுண்ணாம்புக் கல், வெயில், காய்ந்த பொருக்கு. குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத வனாந்தரம். பாதை என்று எதுவுமே இல்லை. கையால் பிடித்து, காலால் உந்தி, பல்லிபோல் ஒட்டி ஏறவேண்டும். நாற்பது வயதில் எனக்கு இது தேவையா என்று தமிழில் வாய்விட்டுத் திட்டினேன். அவளுக்கு விளங்காதது நல்லது. "இரண்டு காலும் உறுதியாக நின்றால் ஒரு கையை எடுக்கலாம்" என்று மேலே இருந்து சொல்லிக்கொண்டே போனாள்.

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, கன்னத்தைக் கல்லில் வைத்து நான் ஒட்டிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. ஜாக்கெட்டின் உள்பையில், நெஞ்சோடு சேர்ந்து. கையை எடுக்கப் பார்த்தேன், விரல் கல்லை விடவில்லை. கொஞ்ச நேரம் கிணுகிணுத்துவிட்டு நின்றது. திரும்ப அடித்தால் விழுந்தாலும் பரவாயில்லை, எடுப்பது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

அடிக்கவில்லை.

முருகா! தம்பிதான், சுகமாக இருக்கிறான். கல்லை முத்தமிட்டேன் என்றால் நம்புவீர்களா? மிச்சத்தை எப்படி ஏறினேன் என்றே தெரியாது. மேலே போய் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், பிறகு சிரித்தேன். அவள் தந்த பாணையும் சீஸையும் வாய் நிறையத் தின்றேன். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது. கீழே ஆறும் ரயில் தண்டவாளங்களும் தெரிந்தன. அவனைப் பற்றி, அவன் சின்ன வயதுக் குழப்படிகளைப் பற்றி, எனக்குத் தெரிந்த டொச் என்கிற ஜெர்மன் பாஷையில் அவளுக்குக் கதை கதையாகச் சொன்னேன்.

நல்ல செய்தியை மனுசனுக்குச் சொல்வோம் என்று பிறகுதான் போனை வெளியே எடுத்தேன். அதில் இருந்தது தம்பியின் நம்பர் இல்லை. ஒருநாளும் காணாத நீண்ட நம்பர். அதற்கே அடித்தேன். கனநேரம் கழித்து யாரோ ஓர் ஆண் எடுத்தார். இரைச்சலாக இருந்தது. தம்பியின் பெயரைச் சொன்னேன்.

"ஓம் அக்கா, உங்கடை தம்பிதான் உங்களுக்கு அடிச்சவர். இது சட்டிலைட் போன். இஞ்சை கனபேர் வரிசையிலை நிக்கிறவை, ஒராளுக்கு ஒருக்காத்தான் அடிக்கலாம். நீங்கள் தூக்கேல்லை, நான் மற்ற ஆளுக்குக் குடுத்திட்டன்."

"இப்ப அவன் எங்கை? ஒருக்காக் கூப்பிடுங்கோ அண்ணை."

"நீங்கள் திருப்பி அடிப்பியள் எண்டு இவ்வளவு நேரமும் இதிலைதான் குந்தியிருந்தவர், அக்கா. இப்ப செல்லடி துவங்கீட்டுது. எல்லாரும் சிதறி ஓடீட்டினம்."

லைன் அறுந்தது. அந்த நம்பர் பிறகு ஒருபோதும் கிடைக்கவில்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது. முகாம்களில் தேடினோம், ஆஸ்பத்திரிகளில் தேடினோம், கண்டவர் என்று ஒருவரும் இல்லை. என்ன சொல்ல அடித்தானோ, இன்றுவரை தெரியாது. நான் கல்லின் மேல் இருந்து பாண் தின்று, அவனைப் பற்றிய கதைகளைச் சொல்லிச் சிரித்த நேரம் முழுவதும், அவன் அந்தப் போனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்திருக்கிறான்.