லில்லிக்கு முடி வெட்டியவர்

சலூன்காரருக்குத் தெருப் பையன்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர். இரண்டு கிருதாவும் ஒரே உயரத்தில் நிற்கும்வரை ஆளை நாற்காலியிலிருந்து இறக்கமாட்டார். "அசையாதீங்க, காது போயிடும்" என்பார். இதுவரை யார் காதும் போனதில்லை. பயத்தில் பாதி உயிர்தான் போயிருக்கிறது. கடையைப் பூட்டிய பிறகும் கை அடங்காது. துண்டில் தொங்கும் நூல், விளக்குமாற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி, எல்லாவற்றுக்கும் கத்திரிதான். பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்கே ஓரம் எடுத்த மனிதர்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. பொழுதுக்கும் வெள்ளைப் படுக்கைவிரிப்பு. கண்ணுக்கு ஒரு நிறம் வேண்டும் என்று வீட்டின் பின்பக்கச் சுவரோரம் லில்லிக் கிழங்கு ஊன்றினாள். முதல் வருடம் ஆரஞ்சு நிறத்தில் பூத்துத் தள்ளியது. அதோடு சரி. அப்புறம் வெறும் இலைதான். எரு வைத்தாள், தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள். ம்ஹூம்.

"என் கை ராசி அப்படி" என்பாள், சும்மா சொல்வதுபோல. சொல்லிவிட்டு உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். மில்லிமீட்டருக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. ஆறுதல் சொல்ல வராது. அதனால், முதல் வருடப் பூ உதிர்ந்ததிலிருந்தே தமக்குத் தெரிந்த மட்டில் செய்துவந்த உதவியை இன்னும் கவனமாகச் செய்தார்: பரட்டையாக நிற்கும் தண்டையும் இலையையும், அவள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஒட்ட வெட்டிச் சுத்தமாக வைத்தார். "இடம் பளிச்சுன்னு இருக்கே" என்று அவளும் சொல்வாள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

இந்த வருடமும் பூக்கவில்லை. அவள் தங்கையைக் கூப்பிட்டுவிட்டாள்.

"தோண்டித் தரேன், எடுத்துட்டுப் போடி. உன் வீட்டுலயாவது பூக்கட்டும்."

தங்கை பையோடு வந்தாள். அக்கா குனிந்து மண்ணைக் கொத்தினாள், முகத்தைக் காட்டவில்லை. மில்லிமீட்டருக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கை தானாகக் கத்திரியை எடுத்தது.

"மாமா! என்ன பண்றீங்க?"

"ஓரம் எடுக்கறேன். போற பிள்ளையப் பரட்டைத் தலையோடவா அனுப்புறது?"

"பச்சை இலைய யாராவது வெட்டுவாங்களா? அதுதானே கிழங்குக்குச் சோறு! தானா மஞ்சளாகிக் காயற வரைக்கும் தொடக்கூடாது. வருஷா வருஷம் இதே வேலையா?"

"பின்ன? நான்தான் கண்ணும் கருத்துமா..." பாதியில் நிறுத்திக் கத்திரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

மனைவி நிமிர்ந்தாள். மண்வெட்டி அவள் கையில் இருந்தது. மில்லிமீட்டர் ஓரடி பின்வாங்கினார்.

"அப்ப, என் கை இல்லையாடி?"

"உன் கை என்னக்கா பண்ணுச்சு? எல்லாம் மாமாவோட கத்திரி!"

அவள் சிரித்தாள். சிரித்து முடியாமல் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார், கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பவளை என்ன செய்வது?

"பைய மடிச்சு எடுத்துக்கோ. கிழங்கு எங்கயும் வராது" என்றாள் தங்கையிடம். பிறகு அவரைப் பார்த்து, "இனிமே இந்தப் பக்கம் வந்தா கையைக் கட்டிக்கிட்டுத்தான் வரணும்."

கட்டிக்கொண்டுதான் வந்தார். இலைகள் தாறுமாறாக வளர்ந்தன, சாய்ந்தன, மஞ்சளாகின. மில்லிமீட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைக்கு ஓடுவார். கையில் ஏறிய நமைச்சலெல்லாம் வாடிக்கையாளர்கள் தலையில் இறங்கியது. அந்த வருடம் தெருவில் பாதிப் பேர் மொட்டைக்கு மயிரிழை தூரத்தில் திரிந்தார்கள்.

மறு வருடம் ஒரு காலையில் மொட்டு பிரிந்தது. வேலைக்குக் கிளம்பியவள் பூவுக்குள் முகத்தையே நுழைத்தாள். வெளியே எடுத்தபோது மூக்கு நுனியிலும் வெள்ளைச் சீருடைக் காலரிலும் பழுப்பு மகரந்தப் பொடி அப்பியிருந்தது.

மில்லிமீட்டரின் விரல் தானாக நீண்டது. "காலர்ல..."

"தெரியும். தொடாதீங்க."

"சலவைக்கூடத்துக்குக் கறையோடவா போவ?"

"போனாத்தானே கேப்பாங்க? கேட்டாத்தானே சொல்லலாம், எங்க வீட்டுல பூத்திருக்குன்னு."

அவள் மூக்கைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு நடந்தாள். மில்லிமீட்டர் முந்திப் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.