ஏரி நடந்த நாடகமும் ஏகாம்பரத்தின் சீட்டும்

உத்திரமேரூர்
17-8-2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40 மணி
கடிதம் எண் 11: ஏகாம்பரம் மறைவு குறித்து

நாடக ரசிகர் மன்றத்து அன்பர்களுக்கு,

கடந்த 14-8-2025, வியாழக்கிழமை, காலை 5.50 மணிக்கு ஏகாம்பரத்தின் மகள் செல்வி தொலைபேசியில் அழைத்தார். "மாமா, நைனா பூட்டாரு" என்றார். நேரத்தைக் குறித்துக்கொள்வதற்காக நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். அணிந்த பிறகும் நான் எழுதிய எழுத்துகள் கலங்கலாகவே தெரிந்தன.

சாலவாக்கம் டவுன் பஸ்ஸில் இருபத்தாறு ஆண்டுகள் நடத்துநராக இருந்தவர் அவர். ஓய்வுக்குப் பின் நம் மன்றத்தில் முன்வரிசை மூன்றாம் நாற்காலி அவருடையது. 9-3-2019 அன்று நடந்த புராண நாடகத்தில் அரசன் மாண்டு விழுந்தபின் திரை இறங்காமல் சிக்கிக்கொண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "டபுள் ரைட், போலாம்!" என்று ஏகாம்பரம் குரல் கொடுக்க, மாண்ட அரசனே குலுங்கிச் சிரித்துவிட்டான். செயலாளர் என்ற முறையில் நான் எழுத்துமூலம் கண்டனம் அனுப்பினேன். அவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தம் வீட்டுக் கூடத்தில் மாட்டினார். "எனக்கு வந்த மொத விருது சாரு இது" என்றார்.

இனி எழுதப்போவது என் பிழையைப் பற்றியது.

14-6-2025 அன்று மாலை, திருப்புட்குழி நெசவுக் குடும்பத்துப் பெண் தேன்மொழியின் குழுவினர் ‘ஏரி கேட்ட இருப்பிடச் சான்று’ என்ற புதிய இசை நாடகத்தை நம் மேடையில் நடத்தினர். தண்ணீரை இழந்த ஏரி ஒன்று தன் முகவரியைத் தேடி அலுவலகத்துக்கு நடந்து வருகிறது. அங்கே குமாஸ்தாக்கள் எல்லாரும் கொக்குகள். ஒரு மோட்டார் பம்பு இருபது நிமிடம் ஒப்பாரி வைக்கிறது. நாற்பது முழம் நீலத் துணிதான் ஏரி. கடைசியில் அது மேடையை விட்டிறங்கி நம் தலைகளின் மேல் நடந்து போயிற்று.

வழக்கம்போல் கருத்துச் சீட்டுகளைத் தகரப் பெட்டியில் போட்டீர்கள். "கொக்கு ஒத்தக் காலுல நின்னுகினு வேல பாக்குது. நாங்க ரெண்டு காலுல நின்னுகினு நாடகம் பாத்தோம். நாற்காலி போடுங்க" என்றது ஒன்று. "பம்பு அழுத தண்ணிக்கு ரெண்டு போகம் வெளஞ்சிருக்கும்" என்றது மற்றொன்று. "கதை இன்னான்னு வூட்ல கேட்டா. ஏரி நடந்துபோச்சுன்னேன். எங்க குடிச்சேன்னு கேக்குறா" என்று ஒருவர். ஏகாம்பரம் எழுதியது இது: "ஒண்ணும் புரியல. நாளைக்கும் போடுங்க. இன்னொரு தபா நல்லா புரியாம பாக்கணும்."

முப்பத்தெட்டுச் சீட்டுகளில் முப்பத்தொன்றை நான் ‘எதிர்ப்பு’ என்று பதிவேட்டில் ஏற்றினேன். ஏகாம்பரத்தின் சீட்டும் அதில் அடக்கம். குழுவினர் மீண்டும் மேடை கேட்டபோது, ரசிகர்களுக்கு நாடகம் பிடிக்கவில்லை என்று 23-6-2025 அன்று மறுப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

29-6-2025 அன்று ஏகாம்பரம் என் வீட்டுக்கு வந்தார். அமரச் சொல்லியும் அமரவில்லை.

"இன்னா சாரு இப்டி பண்ணிட்ட? புடிக்காதவன் எழுந்து போயிகினே இருப்பான். குந்திகினு நக்கலு எழுதறவன் மறுபடியும் வருவான். பஸ்ஸுல என்னைத் திட்டுனவன்லாம் மறுநாளும் என் பஸ்ஸுலதான் ஏறுனான். அந்தப் பொண்ணு ஏரித் துணிய மடிச்சிப் பரண்மேல போட்டுடுச்சாம். இனிமே நாடகமே வாணாங்குது."

விதி ஒன்பதின்படி, மறுத்ததை மறுபரிசீலனை செய்ய ஆண்டுக் கூட்டம் கூட வேண்டும், அது செப்டம்பரில்தான் என்றேன்.

"அதுக்குள்ள ஏரி வத்திப்பூடும் சாரு" என்று சொல்லிச் சென்றார். அதற்கு முன் கூட்டத்தைக் கூட்ட நான் முயலவில்லை.

இறுதி ஊர்வலத்தன்று தேன்மொழி வந்திருந்தார். கையோடு எடுத்துச் சென்றிருந்த சீட்டுகளை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். "புடிக்கலன்னு மட்டுந்தானே சார் எழுதியிருந்தீங்க?" என்றவர், பந்தலின் ஓரத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது சீட்டில் சிரிப்பு வந்துவிட, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஏகாம்பரத்தின் சீட்டுக்கு வந்ததும் அழுதார். கூடத்தில் என் கண்டனக் கடிதம் இன்னும் மாட்டியிருந்தது. அதன் கீழேதான் ஏகாம்பரத்தைக் கிடத்தியிருந்தார்கள்.

"துணியத் தொவைச்சுக் காய வைக்கணும் சார். ரெண்டு வாரம் போதும்" என்றார் தேன்மொழி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பின், 31-8-2025, ஞாயிற்றுக்கிழமை, மாலை 6 மணிக்கு அந்நாடகம் மீண்டும் நடைபெறும். கூட்டம் கூட்டாமல் நானே முடிவெடுத்தேன். விதியை மீறியதற்கான கண்டனத்தை உறுப்பினர்கள் எழுத்துமூலம் அனுப்பலாம். நானும் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்புகள்:
1. 23-6-2025 மறுப்புக் கடிதத்தின் நகல், ரத்துக் குறிப்புடன்.
2. பதிவேட்டின் திருத்திய பக்கம். எதிர்ப்பு: இல்லை.
3. கருத்துச் சீட்டுகளின் நகல்கள், முப்பத்தெட்டு.
4. வெற்றுச் சீட்டு, ஆளுக்கொன்று.

ஏகாம்பரம் எழுதிய சீட்டின் அசல் இத்துடன் இணைக்கப்படவில்லை. அது என்னிடம் இருக்கும்.