மூன்று செத்த மிஷின்களும் அத்தையின் கத்திரிக்கோலும்

ஆயில் கலந்த பெட்ரோல் புகையும், பச்சை மரத்தூள் தண்ணீரில் நனைந்து கிளப்பும் புளித்த வாடையும் ஒன்றாக மூக்கில் ஏறினால், நான் எந்த ஊரில் எந்தச் சாலையில் நின்றாலும் சரி, முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்பதுபோல் என் கால்கள் சில்லிட்டுப் போகும். நான் இப்போது குடியிருக்கும் நகரத்தில், கம்பியில் உரசும் கிளைகளை ஆட்கள் வந்து மிஷின் வைத்து அறுக்கும்போது மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் மட்டும் நின்று நன்றாக மூச்சை இழுத்துக்கொள்வேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும்.

புயல் அடித்த அந்த வருடம் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். குடவாசல் பக்கத்தில் எங்கள் ஊர். விடிந்து பார்த்தால் தென்னைகள் தலையில்லாமல் நிற்கின்றன, மின்கம்பங்கள் படுத்துக் கிடக்கின்றன, மாதா கோயில் கூரையின் தகரம் யார் வீட்டுக் கொல்லையிலோ கிடக்கிறது. அதெல்லாம் ஊருக்கு வந்த கஷ்டம். எங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு கஷ்டம் வந்திருந்தது. வடிகால் கரையில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, வடிகாலுக்குக் குறுக்கே அணைபோட்ட மாதிரி விழுந்துவிட்டது. அதன் கிளைகளில் வைக்கோலும் வெங்காயத்தாமரையும் வந்து அடைத்துக்கொள்ள, போக வழியில்லாத தண்ணீர் முழுவதும் திரும்பி ஸ்டெல்லா அத்தையின் வயலில் ஏறிவிட்டது.

ஸ்டெல்லா அத்தை என் அப்பாவின் தங்கை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வருடக்கணக்காகத் துணி வெட்டும் மேசை முன்னால் நின்று, காலெல்லாம் நரம்பு சுருண்டு, அந்த உழைப்பில் ஊரில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் வாங்கியவர். வேறு யாராவது வாங்கினால் அது வெறும் நிலம்தான். ஆனால் அது எங்கள் தாத்தா வாழ்நாள் முழுக்கக் கூலிக்கு அறுத்த வயல். அவர் தலையில் கட்டுக் கட்டாய்ச் சுமந்து வேறொருவர் களத்தில் கொண்டுபோய்ப் போட்ட நெல் விளைந்த மண். பட்டா தன் பேருக்கு வந்ததும் அத்தை திருப்பூரை விட்டு வந்து எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டு, வைத்த முதல் சம்பா அது. தலை முழுகிய பயிர் சில நாள்தான் தாங்கும், அப்புறம் அழுகிவிடும். "மொதப் பயிரு, அதுவும் சொந்தப் பயிரு, அதப் போயி தண்ணிக்குக் குடுப்பேனா நான்?" என்று அத்தை வீட்டுக்கும் வடிகாலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தார்.

கோடாலி கொண்டு போனவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஓங்கி வெட்ட முடியாமல் திரும்பி வந்தார்கள். பொக்லைன் இறங்கினால் ஈரக்கரை உள்வாங்கிவிடும். மரம் அறுக்கும் மிஷின் வைத்திருந்தவர்களோ ரோட்டில் கிடந்த மரங்களை அறுக்கப் போய்விட்டார்கள், யாரைக் கேட்டாலும் "அடுத்த வாரம் பாக்கலாங்க" என்றார்கள். அடுத்த வாரம் பார்ப்பதற்கு வயலில் என்ன இருக்கும்?

அப்பா பம்புசெட் இஞ்சின் மெக்கானிக். "மிஷின் கெடைக்கலன்னா என்ன, ஒண்ணு செஞ்சிடுவோம்" என்று ஏதோ தோசை வார்க்கிற மாதிரி சொன்னார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டு மிக்ஸியக் கழட்டி ஆறு மாசமாச்சு, அத மொதல்ல மாட்டுங்கண்ணே" என்றார். ஆனாலும் மொப்பெட்டில் அப்பாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். இருவருக்கும் நடுவில் நான். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது, என்னை விட்டுவிட்டுப் போனால் அழுவேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

கூத்தாநல்லூரில் ஒரு காயலான் கடை. கடைக்காரர் பாய் உள்ளே போய்த் துழாவி, மூன்று மிஷின்களைக் கொண்டுவந்து சாக்கின் மேல் பரப்பினார். ஒன்றில் பிஸ்டன் இறுகிக் கிடந்தது. இன்னொன்று ஏதோ தீயில் மாட்டி மேல்கூடு முழுக்க உருகி, உள்ளே இஞ்சின் மட்டும் பிழைத்திருந்தது. மூன்றாவதில் நீட்டுப் பட்டையும் அதைச் சுற்றி ஓடும் பல்சங்கிலியும் தவிர உருப்படியாக ஒன்றுமில்லை. "மூணும் மௌத்தான மிஷின்மா. நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் பாய். அத்தை சிரித்தார், புயலுக்கப்புறம் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "எங்க சாமியே செத்து மூணாம் நாளு எழும்புனவருதான் பாய். குடுங்க பாப்போம்" என்றார். பாயும் சிரித்துக்கொண்டே, தேய்க்கிற அரம் ஒன்றையும் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

எங்கள் கூடம் அறுவை சிகிச்சை அறை மாதிரி ஆகிவிட்டது. தீயில் தப்பிய இஞ்சினை எடுத்து, பிஸ்டன் இறுகிய மிஷினின் கூட்டுக்குள் உட்கார வைத்தார் அப்பா. பெட்ரோல் போகிற குழாய் இற்றுப்போயிருந்ததால், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை வெட்டி மாட்டினார். இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற கயிற்றுக்குக் கொடிக்கயிறு. தூசி வடிகட்டிக்கு அத்தை பழைய கொசுவலையை மடித்துத் தைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்த பிறகும், இஞ்சின் மூட்டில் வைக்கிற "பாக்கிங்" மட்டும் இல்லை. நடுவில் மெல்லிய கம்பிவலை ஓடுகிற தடித்த தாள் அது. அப்பாவிடம் தாள் இருந்தது, அந்த நெளிவு சுளிவுக்கெல்லாம் வளைத்து வெட்டத்தான் அவருக்குக் கை வரவில்லை. பிளேடால் வெட்டிப் பார்த்து இரண்டை வீணாக்கினார்.

இங்கே அத்தையின் கத்திரிக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூரிலிருந்து கொண்டுவந்த கருப்புப் பிடி போட்ட பெரிய கத்திரிக்கோல். துணியைத் தவிர வேறெதையும் அது தொடக்கூடாது. ஒருமுறை நான் பள்ளிக்கூட அட்டைக்காகக் காகிதம் வெட்ட எடுத்தேன். "வைடி கீழ. அதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு" என்று அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கம் கலைந்து அழுதது. அந்த அத்தைதான் அன்றைக்கு உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த கத்திரிக்கோலை எடுத்து வந்து, பாக்கிங் தாளை வாங்கி வெட்டினார். கம்பி நெறுநெறுவென்று அறுபடும் சத்தம் கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

கடைசியாகச் சங்கிலியின் பற்களை அரம் போட்டுக் கூராக்கி மாட்டினார்கள். "கருக்கருவா மாதிரி பல்லு பிடியப் பாத்து இருக்கணும், அப்பத்தான் இழுத்து அறுக்கும்" என்றார் அப்பா. கதிர் அறுக்கிற பல்வைத்த கருக்கரிவாள் பிடித்த கை அல்லவா இருவருடையதும், அத்தையும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். கயிற்றை இழுத்து இழுத்து அப்பாவின் தோள் கழன்றுவிடும்போல் ஆன நேரத்தில் மிஷின் இருமியது, புகை கக்கியது, பிறகு ஓட ஆரம்பித்தது. சாமி படத்துக்கு முன்னால் ஏற்றியிருந்த மெழுகுவத்தி அந்தப் புகைக்காற்றில் அணைந்துபோனது. அத்தை அதைத் திரும்ப ஏற்றவில்லை, "அவருக்கே தெரியும், வாங்க போவோம்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்.

வடிகால் கரையில் ஊரே கூடிவிட்டது. அப்பா மரத்தில் மிஷினை வைத்தார். சத்தம் காதைப் பிளக்கிறது, புகை கிளம்புகிறது, மரம் அறுபடுவேனா என்கிறது. மரப்பட்டை மட்டும் தேய்ந்து கருகியது. "என்னாண்ணே, மரத்துக்கு முதுகு சொறிஞ்சு விடுறீங்களா?" என்று கரையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மிஷினை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை சும்மா நிற்கத் தெரியாதவர், இடுப்பில் சொருகி வந்திருந்த கருக்கரிவாளை எடுத்து, மரத்தில் சிக்கிய வெங்காயத்தாமரைத் தண்டுகளை இழுத்து இழுத்து அறுத்துத் தள்ளினார். கோபமெல்லாம் அந்தத் தண்டுகள்மேல்தான். திடீரென்று கை நின்றது. அரிவாளைத் திருப்பிப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார்.

"அண்ணே, அருவா எந்தப் பக்கம் அறுக்குது?"

"இது என்னா கேள்வி? அடிப்பக்கந்தான்."

"மரத்துல படுறதும் மிஷினோட அடிப்பக்கந்தான? அங்க பல்லு எங்க பாக்குது பாருங்க. நாம மேல்பக்கத்தப் பாத்துல்ல மாட்டிப்புட்டோம்."

அப்பா குனிந்து பார்த்தார். மேலே பிடியைப் பார்த்திருந்த பற்கள் நீட்டுப் பட்டையைச் சுற்றிக் கீழே வரும்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. அரிவாளுக்கு ஒரே பக்கம், சங்கிலிக்கு இரண்டு பக்கம் என்பது அரிவாள் பிடித்தே பழகிய இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. "அட போ ஸ்டெல்லா" என்று அங்கேயே மரத்தின் மேல் உட்கார்ந்து, சங்கிலியைக் கழற்றித் திருப்பி மாட்டி, மழுங்கிய பற்களுக்கு மறுபடி அரம் போட்டார்.

இந்தத் தடவை மரத்தூள் ஈரமாய் அவர் காலடியில் வந்து கொட்டியது. கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றிருந்த என் மூக்கில் அப்போது ஏறிய வாசனைதான் நான் முதலில் சொன்னது. கிளைகளைக் கழித்து, இரண்டு பக்கமும் அறுத்து, நடுத்துண்டைக் கயிறு கட்டி ஊரே இழுத்தது. சிரித்தவர்கள்தான் முன்னால் நின்று இழுத்தார்கள். துண்டு நகர்ந்ததும் தேங்கிய தண்ணீர் இரைச்சலோடு ஓடியது. மறுநாள் காலையில் அத்தையோடு வயலுக்குப் போனேன். பள்ளத்தில் கிடந்த ஒரு மா அழுகித்தான் போயிருந்தது. மற்ற இரண்டிலும் சேறு பூசிய தோகைகள் நுனியை நீட்டிக்கொண்டு நின்றன. அத்தை வரப்பில் உட்கார்ந்து ஒரு தோகையைத் தண்ணீரில் அலசிவிட்டார், அப்புறம் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

இப்போது அந்த வடிகாலுக்கு சிமெண்ட் கரை வந்துவிட்டது, மரம் நின்ற இடம் தெரியவில்லை. அறுவடைக்கு வண்டி இறங்குகிறது, எங்கள் வீட்டில் கருக்கரிவாள் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. அந்த மிஷின் இன்னும் சில காலம் உழைத்துவிட்டு மறுபடி செத்து, பாயின் கடைக்கே போனது. அதைப் பிரித்து வேறு மிஷின்களுக்குப் போட்டதாகச் சொன்னார்.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லி, அத்தை தன் ஜாக்கெட் துணியை என்னிடம் கொடுத்து வெட்டச் சொன்னார். கூடவே அந்தக் கத்திரிக்கோலையும் கொடுத்தார். அத்தையே கொடுத்து அதை நான் கையில் பிடித்தது அதுதான் முதல்முறை. வழுக்கிக்கொண்டு போன துணி ஓர் இடத்தில் சிக்கி நின்றது. பாக்கிங் கம்பி பட்டு அலகில் விழுந்த பள்ளம். சாணை பிடித்தால் போய்விடுமே அத்தை, இத்தனை வருடமாக ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"கெடக்கட்டும்டி" என்றார் அத்தை. "அந்தப் பள்ளத்துலதான் என் மொத சம்பா நிக்குது."