அவள் வாயில் என் பேச்சு

கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தின் ஓரத்தில் என்னை அடித்தவர்களில் சிலர் என் பாட்டுக்கு ஆடியவர்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பிறவியிலிருந்தே என் கையும் காலும் நான் சொல்வதைக் கேட்காது. நடந்தால் குடிகாரன் மாதிரி தள்ளாடுவேன். வாய் கோணிக்கொண்டு எச்சில் ஒழுகும். பேசினால், பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனால் கானா கட்டுவேன். சாவு வீட்டுக்கும் போகும், கல்யாண வீட்டுக்கும் போகும் என் பாட்டு. பாடுகிறவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரி. கல்மண்டபம் மீன் மார்க்கெட்டில் இறால் உரிக்கிற வேலை. நான் வரி வரியாகச் சொல்வேன், அவள் மனதில் ஏற்றிக்கொள்வாள். வரி மொக்கையாக இருந்தால், "இத்த நாய்கூட கேக்காது நைனா, மாத்து" என்பாள். மாற்றுவேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. என் பேச்சை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போது "அவன் இன்னா சொல்றான்னா" என்று அவள் ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் அவளிடமே பேசிக்கொண்டிருப்பார், என்னை மறந்துவிடுவார். ஒருமுறை அவள் அப்படிச் சொன்னதற்கு டீ கிளாஸைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அன்றிலிருந்து என் பேச்சை "நான்" என்றே சொல்வாள். "நானு ஷேவிங் பண்ணிக்கினு வந்துட்றேன்" என்று எனக்காக அவள் சொல்லும்போது டீக்கடையே சிரிக்கும்.

அன்று மத்தியானம் அக்கா பெட்டிக்கடையில் வெற்றிலை வாங்க நின்றுவிட்டாள். நான் முன்னால் போய்விட்டேன். கூட்ஸ் லைன் நடுவில் ஒரு பெண் குழந்தை ஜல்லி பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வண்டி வந்துகொண்டிருந்தது. கத்தினேன். என் கத்தல் யாருக்குப் புரியும்? ஓடி, விழுந்து, எழுந்து, குழந்தையை அள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் உருண்டேன். வண்டி எங்களை உரசிக்கொண்டு போனது. என் கை முறுக்கிக்கொண்டுதான் எதையும் பிடிக்கும், அதனால் குழந்தை வலியில் அலறியது. அலறல் கேட்டுத் திரும்பிய ஆட்கள் பார்த்தது, தள்ளாடுகிற ஒருவனையும் அவன் பிடியில் கதறும் குழந்தையையும்தான்.

"புள்ள புடிக்கிறவன்டா!"

குழந்தையைப் பிடுங்கினார்கள். முதல் குத்திலேயே பல் உடைந்தது. கீழே விழுந்ததும் விலாவில் மிதித்தார்கள், செருப்பால் அடித்தார்கள். ஒருவன் ஜல்லிக் கல்லால் என் முழங்காலில் இடித்துக்கொண்டே இருந்தான். சொன்னேன், சொல்லிக்கொண்டே இருந்தேன். "போதைல ஒளர்றான் பாரு" என்று இன்னும் மிதித்தார்கள்.

நீளமான அந்த வண்டி கடைசிப் பெட்டிவரை போய் முடிந்த பிறகுதான், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்த அக்கா லைனைத் தாண்டி ஓடி வந்தாள். அதுவரை நடந்தது எதையும் அவள் பார்த்திருக்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் மேல் கவிழ்ந்து, என் வாயைப் பார்த்தாள். ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தி, சாவு வீட்டில் பாடுகிற அதே குரலில் கத்தினாள்: "நான்தான் புள்ளையத் தூக்கினேன்!"

அடுத்த வரி, வண்டி வந்ததைப் பற்றி. அதற்குள் ஒருவன் ஹெல்மெட்டைச் சுழற்றி அவள் முகத்தில் அடித்தான். தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. "ரெண்டும் கூட்டுடா, இவளும் ஒத்துக்கினா!"

"நான் இல்ல, இவன் சொல்றான்" என்று கையையாவது காட்டியிருக்கலாம். அடி என் மேல் திரும்பியிருக்கும். அவள் காட்டவில்லை. தொங்கிய தாடையோடு, அடுத்த வரிக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையின் தாய் தலைவிரிகோலமாக ஓடி வந்து, "பாவிங்களா, வண்டிலேர்ந்து காப்பாத்துனவர்டா அவரு! வூட்டு வாசல்லேர்ந்து பாத்தேன்டா!" என்று மாரில் அடித்துக்கொண்ட பிறகுதான் நிறுத்தினார்கள். ஒருவன் சோடா வாங்கி வந்து நீட்டினான். தட்டிவிட்டேன். ஹெல்மெட்காரன் காணாமல் போயிருந்தான்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் பற்களைக் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டினார்கள். மறுநாள் போலீஸ்காரர் வந்தார். "யாரும்மா அடிச்சது?" அவள் பல்லிடுக்கில் பேசினாள். எச்சில் ஒழுகியது. என் பேச்சேதான். வார்டில் வேறு யாருக்கும் புரியவில்லை, எனக்கு மட்டும் ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. கைகால் நன்றாக இருக்கிறவனுக்கும் ஒரு நாள் தாடை உடையும், அன்றைக்கு அவன் பேச்சு தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "இன்னாய்யா சொல்லுது?"

சொன்னேன். புரியவில்லை. திரும்பவும் சொன்னேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு என் வாய்க்கு அருகில் காதை வைத்தார். அவளுடைய ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து இழுத்துச் சொன்னேன்.

"அவன் மூஞ்சி எனக்குத் தெரியும் சார். போன மாசம் அவுங்கப்பன் சாவுக்கு நான்தான் பாடினேன்."