கடல் தண்ணீரில் குளித்த வண்டி

என் மாமாவும் சித்தியும் பேசிக்கொள்வதில்லை. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, எல்லாம் என் வழியாகத்தான். "உங்க மாமாவ சாப்ட சொல்லு" என்பாள் சித்தி. மாமா அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நான் மாமாவைத் திரும்பிப் பார்த்து, "சாப்டணுமாம்" என்பேன். இந்த உத்தியோகத்தில் எனக்குக் கர்வம் உண்டு. நான் இல்லாவிட்டால் வீடே நடக்காது என்று எட்டு வயதில் உறுதியாக நம்பினேன்.

சண்டைக்குக் காரணம் சித்தியின் வேலை. அம்மாவுக்கு அண்ணன் மாமா, தங்கை சித்தி. பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் மீன் விற்பார்கள், வலை பின்னுவார்கள். சித்தி மட்டும் பத்தாவது முடித்ததும் கிண்டிக்கு பஸ் ஏறி, டி.வி.க்குள்ளே வைக்கிற போர்டுகளில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலைக்குப் போனாள். மாமா வேண்டாம் என்றார். அவள் போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

தொண்ணூறுகளின் கடைசியில் மாமா ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போனபோது ஏலத்தில் விட்டது. மற்ற வண்டிகள் மணலில் இறங்கினால் புதைந்துவிடும். இதில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திருகு இருந்தது. அதைத் திருப்பினால் அடியில் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும், பச்சை விளக்கு எரியும், முன் சக்கரங்களும் சேர்ந்துகொண்டு நான்கும் இழுக்கும். குப்பத்து ஆட்கள் எல்லாரும் தோள் கொடுத்துக் கரையேற்றுகிற படகை மாமா ஒரு கயிற்றைக் கட்டி ஒற்றை ஆளாக இழுத்து வந்தார். அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது.

வண்டியை அவர் படகு போலவே வைத்திருந்தார். எலுமிச்சம்பழம் கட்டினார், சூடம் காட்டினார். வெள்ளிக்கிழமைதோறும் கடலில் மொண்ட தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிக் கழுவினார், கதவைத் திறந்து உள்ளேயும் ஊற்றினார். செதிலும் மணலும் ஒரே ஓட்டமாக வெளியே வந்து விழும். நாங்கள் கைதட்டுவோம்.

ஐப்பசியில் கடல் கெட்டுப்போனது. புயல் வரும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், மாமா திருகைத் திருப்பினால் பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது. 'டக்' வரவில்லை. பின் சக்கரங்கள் மணலைத் தோண்டிக் குழியாக்கின, முன் சக்கரங்கள் விருந்தாளி மாதிரி சும்மா நின்றன.

"இன்னாபா, யானை படுத்துக்கிச்சா?" என்றார் பக்கத்துப் படகுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "காத்து அடிக்கறதுக்குள்ள அல்லா படகையும் ரோட்டாண்ட ஏத்துறேன். இல்லாங்காட்டி நானே இத்த புதுப்பேட்டைக்கு ஓட்டிக்கினு போய் ஒடைக்கக் குடுத்துர்றேன்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர். அந்த வண்டி போய்விட்டால் அவர் தலை நிமிர்ந்து கரைக்கு வர மாட்டார் என்று அம்மா பயந்தாள்.

மந்தைவெளியிலிருந்து வந்த மெக்கானிக், அடியில் இருக்கும் மோட்டார்தான் முன் சக்கரங்களைச் சேர்த்துவிடுவது, அது போய்விட்டது என்று கழற்றினார். பேட்டரியில் நேராக ஒயர் கொடுத்ததும் அது ஜோராகச் சுற்றியது. "மோட்டார் நல்லாத்தான் கீது. அப்பால எனக்குத் தெரில" என்று அதைத் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

சித்தி வேலையிலிருந்து வந்தவள் டிபன் பாக்ஸைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உங்க மாமாவ கேளு, மோட்டார சுத்துன்னு சொல்றது யாரு?"

"யாருன்னு கேக்குறா மாமா."

"எனக்கு இன்னா தெரியும்னு சொல்லு."

அவள் ஃபாக்டரியில் கடன் கேட்டு ஒரு டெஸ்ட் விளக்கை வாங்கி வந்தாள். மறுநாள் லீவு போட்டு, திருகிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில், விரிப்புக்கு அடியில் இருந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் போய் முடிந்தது. பெட்டிக்குக் கரண்டு வருகிறது, விளக்கு எரிந்தது. திருகின் உத்தரவும் வந்து சேர்கிறது, எரிந்தது. பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரில் வைத்தாள். எரியவில்லை.

"இவன்தான் கேட்டுக்கினு சொல்லாம குந்தினுகீறான்" என்றாள்.

மூடியைத் திறந்தோம். பச்சை போர்டின்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது, கம்பிக் கால்கள் அரித்துப்போயிருந்தன. நான் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"சித்தி, உப்பு!" என்று கத்தினேன்.

சித்தி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்.

"உங்க மாமாகிட்ட சொல்லு, பழைய பொட்டி, அதான் பூட்ச்சி. வேற மாத்தணும்."

உப்பு என்றுதானே இருக்கிறது, இவள் ஏன் பொய் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம். இருந்தாலும் உத்தியோக தர்மம் என்று ஒன்று உண்டு. சொன்னதைச் சொன்னேன்.

ரோட்டில் வண்டி நன்றாகவே ஓடியது. பழைய வண்டிகளை உடைத்து உதிரியாக விற்கும் புதுப்பேட்டைக்கு மூன்று பேரும் போனோம். நடுவில் நான். வண்டியைப் பார்த்ததும் கடைக்காரர் ஒருவர் ஆசையாக பானெட்டைத் தடவி, "ஒடைக்கவா?" என்றார். மாமா அவரை அடிக்காமல் விட்டது பெரிது.

அதே மாதிரி வண்டியின் எலும்புக்கூடு ஒன்று பின்னால் கிடந்தது. அதிலிருந்து எடுத்த பெட்டியின் எண்ணைச் சித்தி எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். திறந்து போர்டை முகர்ந்தாள். எங்கள் வண்டியில் மாட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றாள்.

"இன்னாம்மா, கத்திரிக்காயா வாங்குற, நகத்த வெச்சி பாக்க?" என்றார் கடைக்காரர்.

"கத்திரிக்கா சொத்தையா இருந்தா நறுக்கிப் போட்டுடலாம். எங்கண்ணன் சொன்ன வார்த்தைய இன்னா பண்றது?" என்றாள் சித்தி.

தெருவிலேயே மாட்டினாள். மாமா திருகைத் திருப்பினார். அடியில் 'டக்'. பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. நான் சீட்டிலேயே குதித்தேன். பெட்டியைச் சித்தி பழைய இடத்தில் வைக்கவில்லை. பாலித்தீன் உறையில் சுற்றி டேஷ்போர்டுக்குப் பின்னால் உயரத்தில் கட்டினாள்.

காற்று கிளம்பிய அன்று மாமா முதலில் இழுத்தது, யானை படுத்துக்கிச்சா என்று கேட்டவர் படகைத்தான். நான்கு சக்கரமும் மணலைக் கவ்வி ஏறியபோது குப்பமே கூச்சல் போட்டது. மழை மூஞ்சியில் அறைய அறைய, "எங்க சித்தி பண்ணது! எங்க சித்தி பண்ணது!" என்று கரை முழுக்க ஓடிக் கத்தினேன். அவ்வளவு பெருமை எனக்குப் பிறகு என் சொந்தக் காரியம் எதிலும் வந்ததில்லை. ஒரு படகைக்கூடக் கடல் கொண்டுபோகவில்லை.

புயல் ஓய்ந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை, லாரிதான். வெள்ளிக்கிழமை காலை பெண்கள் வரிசையில் குடத்தோடு மாமா நின்றார். எல்லாரும் கேலி செய்தார்கள். அவர் நல்ல தண்ணீரைச் சுமந்து வந்து வண்டி பக்கத்தில் இறக்கினார்.

வேலைக்குக் கிளம்பிய சித்தி பார்த்தாள். "உங்க மாமாகிட்ட சொல்லு, உள்ள ஊத்த வாணாம். துணிய நனைச்சி தொடச்சா போதும்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாமா என் தலைக்கு மேலாக, "சரிம்மா" என்றார். "இன்னாத்துக்கு பஸ்ஸுக்கு ஓடற? ஏறிக் குந்து, கிண்டில வுட்டுட்றேன்."

சித்தி ஏறி உட்கார்ந்தாள். வண்டி போனது. வாசலில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குடிக்கிற தண்ணீரை வண்டிக்குக் கொட்டப்போகிறாரே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். "அழாதம்மா, இன்னும் ஊத்தல, குடம் அப்படியே கீது" என்று சமாதானம் சொன்னேன்.